மாடியில் இழுபடும் சத்தம்

என் வியாதிக்கு ஆபீஸ் நேரம் உண்டு. விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடும், ஒன்பதரை பத்து மணிக்கெல்லாம் கிளம்பிப் போய்விடும். பதினொரு வயதில் எனக்கு வந்த மூட்டுவாதத்தைப் பற்றி யாராவது கேட்டால் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அதன் உச்ச நேரத்தில் எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் இருந்ததில்லை என்பதைச் சொல்வதில்லை. சொன்னால் அம்மாவைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மில் வேலை போய், பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் ராத்திரி வாட்ச்மேனாக இருந்தார். காலை ஏழரைக்கு சைக்கிளில் வந்து சேருவார். அம்மாவுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், முதல் ஷிப்ட். ஐந்தே முக்காலுக்கு மணிக்கூண்டருகே கம்பெனி பஸ் வரும். இரண்டு முறை ஹாரன் அடிப்பான், அதற்குள் ஏறவில்லை என்றால் போய்விடுவான். அம்மா கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பிளாஸ்கில் டீ, டப்பாவில் இட்லி, கதவு வெறுமனே சாத்தியிருக்கும். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை அந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான் ராணி.

ஆறாம் வகுப்பு படித்த வருடம் மாசி மகத்துக்கு அம்மா என்னை வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். சுற்றுப்பட்ட ஊர்ச் சாமியெல்லாம் வரிசையாக வந்து கடலோரம் நிற்கும் நாள். கூட்டத்தில் இடுப்பளவு நனைந்து, ஈரப் பாவாடையோடு ஐஸ் தின்றுகொண்டே நடந்து வந்தேன். அடுத்த வாரம் காய்ச்சல். காய்ச்சல் போனது. முட்டிகள் இரண்டும் வீங்க ஆரம்பித்தன.

முதலில் போன கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வாதக் காய்ச்சல் என்றார்கள். தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கும், மூட்டைத் தொடும், விட்டால் இதயத்தைக் கெடுக்கும், அதனால் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. இதயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா ஆடிப்போய்விட்டாள். சாமி காலண்டரில் இருபத்தொரு நாளுக்கு ஒரு வட்டம் போட்டாள். ஒரு வட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஊசி போட்ட இடுப்பு இரண்டு நாள் கல்லாக இருக்கும். அந்த ஊசியில் குற்றமில்லை. அது வேறொரு வியாதிக்கான ஊசி, அவ்வளவுதான்.

அந்த டாக்டரையும் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் அம்மாவிடம் "எப்படி இருக்கா?" என்று கேட்டார். அம்மா தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். மூன்றரைக்கு அவள் வீடு திரும்புவாள், நாலரைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து மாடிப்படி ஏறி ஓடி வருவேன். "வீக்கம் இருக்கு டாக்டர். ஆனா ஓடுறா, ஆடுறா, ஒண்ணும் குறை இல்ல." பொய் ஒரு சொட்டுகூட இல்லாத பதில் அது.

காலையில் நடந்தது வேறு. கண் விழிக்கும்போது இரண்டு முட்டிகளும் பாதி மடங்கியபடி பூட்டிக் கிடக்கும். நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. வலி என்றுகூடச் சொல்லமுடியாது, என் கால் என் பேச்சைக் கேட்காது, அதுதான் பயம். கட்டிலில்லாத வீடு, பாயில்தான் படுக்கை. பாயிலிருந்து எழுந்து நிற்பது என்பது அந்த நேரத்தில் நடக்கிற காரியமே இல்லை. கக்கூஸ் மொட்டை மாடியின் அந்தக் கோடியில். அவசரம் யாருக்காகக் காத்திருக்கும்?

ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிட உட்காரும் மணை ஒன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். அதை இழுத்துப் போட்டு, கையை ஊன்றி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கைகளால் தரையைத் தள்ளித் தள்ளிப் போவேன். அறையைத் தாண்டி, வாசற்படியில் ஒருமுறை இறங்கி, மொட்டை மாடி முழுக்க. சிமெண்ட் தரையில் மணை கரகரவென்று கத்தும். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நிற்பேன். பக்கத்து மாடிகளில் துணி காயும், காக்கா உட்கார்ந்திருக்கும், மனுஷர் யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தால் ஒளிந்துகொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். பிள்ளைகள் எல்லாம் பிரான்சில், அவர் மட்டும் இங்கே. காலையில் பிரெஞ்சு செய்தியைச் சத்தமாக வைத்துக் கேட்பார். மேலே சத்தம் கேட்டால் அவருக்குப் பொறுக்காது. மணையை நான் இழுக்க ஆரம்பித்ததும் கீழிருந்து துடைப்பக் கட்டையால் மேல்தளத்தைத் தட்டுவார். டொக், டொக், டொக். நிறுத்து என்று அர்த்தம்.

நான் நிறுத்துவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுப்பேன். மறுபடி தட்டுவார். அவர் திட்டுகிறார் என்று தெரியும். ஆனாலும் சில நாட்களுக்குள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். நான் முழித்துக்கொண்டது உலகத்தில் ஒருத்தருக்காவது தெரிகிறது. தட்டாத நாளில் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

ஏழு மணிவாக்கில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, முட்டிகளைத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவேன். அப்பாவின் சைக்கிள் மணி கேட்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வந்திருப்பேன். தூக்கத்தில் சிவந்த கண்ணோடு அவர் மேலே வந்து, "எழுந்துட்டியாம்மா?" என்பார். எழுந்துதானே இருக்கிறேன்? அவர் பாயில் சாய்ந்தால் அடுத்த நிமிஷம் குறட்டை.

அம்மாவிடம் சொல்லவில்லையா என்றால், சொன்னேன். ஒரு சாயங்காலம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "காலைல எழுந்துக்கவே முடியலம்மா" என்றேன். அவள் நிமிராமலே, "யாருக்குடி முடியுது? நாலரைக்கு எனக்கு மட்டும் முடியுதா? முடியணும்" என்றாள். அவளும் களைத்துப்போயிருந்தாள். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் வைத்துக் காட்டலாம் என்றால், சாயங்காலம் காட்டுவதற்கு என் காலில் ஒன்றுமே இல்லையே.

மிச்சமிருந்த வாயையும் பள்ளிக்கூடம் அடைத்தது. காலை பிரேயரில் தரையில் உட்காரவைத்து எழச் சொல்வார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் நான் மட்டும் கை ஊன்றித் திணறிக்கொண்டிருப்பேன். மூன்று மணி பி.டி. பீரியடில் கோகோவில் ஓடுவேன், நன்றாகவே ஓடுவேன். எங்கள் பி.டி. டீச்சர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு, "காலைல நொண்டி, சாயந்தரம் குதிரையா? யார்கிட்ட டிராமா போடுற?" என்றார். வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்து, இனிமேல் நடிக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். "இனிமேல் நடிக்கமாட்டேன் மிஸ்" என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து, அப்பாவிடம், பிரெஞ்சு மரியாதையில் முசியே போட்டு, முறையிட்டார். "தினம் காலைல உங்க பொண்ணு மேல எதையோ இழுக்குது முசியே. மேசையா நாற்காலியா தெரியல. நியூஸ் ஒரு வார்த்தை காதுல விழல." அப்பா கூனிக்குறுகிப் போனார். வாடகை வீடு, அதுவும் அவ்வளவு நல்ல மனுஷர். அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாத்தடி இழுக்குற?"

"மணையை."

"எதுக்கு?"

"சும்மா."

சும்மா என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான், அதுதான் காரணமாக இருக்கவேண்டும். அம்மா மணையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது.

மறுநாளிலிருந்து மணை இல்லாமல் போனேன். பாவாடையோடு, சிமெண்ட் தரையில், உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு. தொடையிலும் உள்ளங்கையிலும் தோல் வழன்றது. ஆனால் சத்தம் வரவில்லை. கீழிருந்து தட்டும் சத்தமும் நின்றுபோனது. அந்த மாதங்களில்தான் நான் உண்மையில் தனியாக இருந்தேன்.

ஒரு வருடம் ஓடியது. வலது முட்டி மதியமானாலும் முழுசாக நீள மறுத்தது. கிளினிக் டாக்டரே சந்தேகப்பட்டு, வாதக் காய்ச்சல் இத்தனை நாள் ஒரே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காராது என்று சொல்லி, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அம்மா லீவு போட்டாள், அப்பா தூக்கத்தை விட்டார். மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். அப்படி மூன்று பேராக எங்கேயாவது போய் எவ்வளவோ நாளாகியிருந்தது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைப் படுக்கவைத்து தொடையிலும் முட்டியிலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்த்தார். அழுத்தினார், மடக்கினார். இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"காலைல எழுந்ததும் எவ்வளவு நேரம் முட்டி மடங்காம இருக்கும்?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். நல்லாத்தான் இருப்பா."

"எழுந்திருக்கும்போது யார் பாக்குறீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஒரு வருடமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. "நான் ஆறு மணிக்கு முன்னாடியே போயிடுவேன்" என்றாள் அம்மா. "நான் ஏழரைக்குத்தான் வருவேன்" என்றார் அப்பா. அப்புறம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. "வீட்டுக்காரர் சொன்னாரே..." என்று இழுத்து, என் பக்கம் திரும்பினார்.

"நீ காலைல என்னாத்தம்மா இழுத்த?"

"என்னைத்தான்பா."

அம்மா என் பாவாடையைத் தொடைவரை தூக்கிப் பார்த்தாள். காய்ந்துபோன சிராய்ப்புகள் வரிசையாக இருந்தன. அங்கேயே, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகவும் இருந்தது.

சிறுபிள்ளை மூட்டுவாதம் என்றார் டாக்டர். பதினாறு வயதுக்குள் ஆரம்பித்து, ஆறு வாரத்துக்கு மேல் மூட்டில் நிலைத்து நின்று, வேறு காரணம் எதுவும் பிடிபடவில்லை என்றால் இந்தப் பெயர். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முட்டியை வரைந்து காட்டினார். இரண்டு எலும்பும் சேரும் இடத்தைச் சுற்றி உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய ஒரு நீரைச் சுரப்பது அதன் வேலை. கிருமியோடு சண்டை போட ரத்தத்தில் திரியும் அணுக்கள், எதிரியே இல்லாத அந்தச் சவ்வுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒன்று இன்னொன்றுக்கு ரசாயனத்தால் ஆள் அனுப்பும், இன்னும் பத்து வந்து சேரும். சவ்வு தடிக்கும், நீர் கட்டும், சூடாகும். கவனிக்காமல் விட்டால் எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பையே அரித்துவிடும். இதை நிறுத்தச் சொல்லும் அணுக்களும் உடம்பிலேயே உண்டு, இந்தப் பிள்ளைகளிடம் அவற்றின் பேச்சு எடுபடுவதில்லை. பின்னாளில் நான் பார்த்த டாக்டர்கள் ஒவ்வொருவரும் இதற்கு ஒரு கதை வைத்திருந்தார்கள், ஒருவருக்கு வழி தவறிய போலீஸ், இன்னொருவருக்குச் சொந்தக்காரனையே கடிக்கும் நாய். எனக்கு அந்தச் சீட்டுப் படமே போதும்.

அம்மாவுக்குப் படம் போதவில்லை. "எதனால டாக்டர் வந்துது? மாசி மகத்துக்குக் கடல்ல நனைய வுட்டேன். ஐஸ் வாங்கிக் குடுத்தேன்."

"கடலுக்கும் ஐசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பிறக்கும்போதே உடம்புல கொஞ்சம் வாகு இருக்கும். அப்புறம் வெளியிலேர்ந்து ஏதோ ஒண்ணு தூண்டிவுடுது. ஒரு கிருமியா இருக்கலாம். எதுன்னு உறுதியா யாருக்கும் தெரியாது. நீங்க செஞ்சதால வரல."

அம்மாவுக்கு அந்தத் தெரியாதுதான் தாங்கவில்லை. தப்பு தன்னுடையதாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு மாசி மகத்துக்கும் அவள் கடல் பக்கம் போகவில்லை.

காலையில் மட்டும் ஏன் என்று நான் கேட்டேன். அந்த அறையில் நான் கேட்ட ஒரே கேள்வி. ராத்திரி முழுக்க அசையாமல் கிடப்பதால் மூட்டில் நீர் தேங்கும் என்றார். அதோடு அந்த அணுக்கள் அனுப்பும் ரசாயனம் விடியற்காலையில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், அதை அடக்கும் உடம்பின் சொந்த மருந்து ராத்திரியெல்லாம் குறைந்து கிடந்து, விடியும்போதுதான் மெல்ல ஏறும். எழுந்து நடமாட, வெயில் ஏற ஏற, தளரும். அதாவது அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏறும் நேரத்துக்கு வியாதி என் முட்டியில் ஏறியிருக்கிறது, அவள் இறங்குவதற்கு முன்பே இறங்கியிருக்கிறது. ஒரு வருடமாக ஒரே வீட்டுக்குள் அவளும் வியாதியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவே இல்லை.

ஊசி மருந்தை இரண்டு முட்டிக்குள்ளும் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை தொடங்கியது. வலியே காட்டாமல் கண்ணுக்குள்ளும் இதே கோளாறு வரலாம் என்று கண் டாக்டரிடமும் அனுப்பினார்கள். காலண்டரில் இருந்த வட்டங்கள் நின்றன.

விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் மேலே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வெளிநாட்டு சாக்லேட் டப்பா ஒன்றை என் மடியில் வைத்து, "பார்தோன்" என்றார். பட்டாளத்துக்காரர் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது? "நீங்க தட்டுனது எனக்குப் புடிச்சுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை, மாத்திரையின் வேலை என்று நினைத்திருப்பார்.

அம்மா சூப்பர்வைசரிடம் கெஞ்சி மூன்று மாதத்துக்கு ஜெனரல் ஷிப்ட் வாங்கினாள். எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். அந்த மூன்று மாதமும் நான் கண் விழிக்கும்போது என் பக்கத்தில் ஆள் இருந்தது. அடுப்பில் வெந்நீர் இருக்கும். டாக்டர் செய்ததைப் பார்த்து அவளும் புறங்கையை முதலில் என் தொடையில் வைப்பாள், அப்புறம் முட்டியில். "இன்னைக்கு சூடு இருக்கு." "இன்னைக்கு வலது பக்கம் மட்டும்." வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து சுற்றுவாள். ஆறினால் மறுபடி நனைப்பாள். அந்த நேரத்தில் கம்பெனிக் கதையெல்லாம் சொல்வாள். அம்மாவுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாதம் போகப் போக விறைப்பு குறைந்தது. ஒரு மணி நேரம் அரை மணியானது, அரை மணி பத்து நிமிஷமானது. கடைசி வாரத்தில் விழித்ததும் எழுந்து நின்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமிக்கு விளக்கேற்றினாள். நான் காலண்டரில் மூன்று மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு மறுபடி முதல் ஷிப்ட். அன்று நாலரைக்கே நானும் விழித்துவிட்டேன், காட்டிக்கொள்ளவில்லை. அவள் குளித்தது, இட்லி ஊற்றியது, பிளாஸ்கைத் திருகியது எல்லாம் கேட்டது. போர்வைக்குள் முட்டிகளை மடக்கிப் பார்த்தேன். எண்ணெய் போட்ட கீல் மாதிரி மடங்கின. அவள் பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தபோது கண்ணைத் திறந்தேன்.

"மடங்கலம்மா" என்றேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். போர்வையை விலக்கி, புறங்கையை என் தொடையில் வைத்தாள். அப்புறம் முட்டியில். அப்புறம் மற்ற முட்டியில். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்களை விறைப்பாக வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நடித்தேன். அந்தப் புறங்கைக்கு எல்லாம் தெரியும், அதற்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மணிக்கூண்டுப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ஒரு முறை. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டாவது முறை கேட்டபோது அவள் வெந்நீரில் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். பிழிந்து, சூடே இல்லாத என் முட்டியில் சுற்றினாள். ஆறியதும் மறுபடி நனைத்தாள். அன்று அவள் கதை எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் ஷிப்டுக்குப் போனாள். போவதற்கு முன், ஐந்து மணிக்கு, என்னைத் தட்டி எழுப்பினாள். தொடையிலும் முட்டியிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு மொட்டை மாடி விளக்கைப் போட்டாள்.

"எழுந்து நட."

தூக்கக் கலக்கத்தோடு அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். அவள் தோளில் பையோடு வாசற்படியில் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் படு. தினமும் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஒரு நாள்கூடத் தவறாமல் பார்த்துவிட்டுத்தான் போனாள்.